டெரன்ஸின் பிக்கப்பிலிருந்து எடுத்த கியர் பொக்ஸ்

2006 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை. விடியப்புறம் பெய்த மழை விட்டிருந்தது. வழமைபோலக் கராஜின் தகரக் கதவைத் திறந்து, நிலத்தில் நின்ற தண்ணீரைத் துடைப்பத்தால் வெளியே தள்ளினேன். முதல்நாள் துடைத்து வைத்த ஸ்பனர்களை அளவு வரிசையில் பலகையில் மாட்டினேன். மண்ணெண்ணெய்த் தட்டின் அடியில் படிந்திருந்த கசடை ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்பினேன். லோரன்ஸ் பாஸ் வந்தார். சைக்கிளைச் சுவரோடு சாத்திவிட்டு, பிளேன்ரீ குடித்து முடிக்கும்வரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுவும் வழமைதான். அன்றைக்கு ஒரு வானின் ரேடியேட்டரை ஒட்டுவதும், ஓர் உழவு மிசினின் கிளச்சைப் பார்ப்பதுமே எங்களுக்கு இருந்த வேலை.

இரண்டையும் தொடங்குவதற்கு முன் ஒரு பிக்கப் வந்தது. ஓடி வரவில்லை. ஓர் உழவு மிசின் அதைச் சங்கிலியில் இழுத்துக்கொண்டு வந்தது. பிக்கப்பின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளே கணபதி இருந்தார். வாவிக்கு மேற்கே, மண்டூரையும் தாண்டி, வட்டைகள் என்கிற வயல்வெளிகளுக்கு நடுவே உள்ள ஓர் ஊரில் அவர் வசித்தார். நெல் மூட்டையும் செங்கல்லும் ஏற்றிப் பிழைப்பவர். அந்தக் கரையில் மாடு பூட்டி இழுத்து, குருமண்வெளித் துறைவரை பாதையில் ஏற்றிக் கொண்டுவந்து, இந்தக் கரையில் மிசினில் கட்டியிருக்கிறார். பாதை என்று நாங்கள் சொல்வது வாகனங்களையும் ஆட்களையும் வாவியைக் கடத்துகிற மிதவையை.

"ஜப்பான்காரன் செஞ்ச வண்டியாம் பாஸ். நான் பாத்தமட்டில மாடுதான் இழுக்கிது" என்றபடி இறங்கினார்.

இந்தக் கதையைக் கேட்டவர்கள், இப்போது பிரதான வீதியில் இருக்கும் புதிய வேலைத்தளத்துப் பையன்கள். முதுகெலும்புத் தேய்வால் நான் ஐம்பத்தைந்தாவது வயதிலேயே வேலையை விட்டுவிட்டேன். எப்போதாவது அந்தப் பக்கம் போனால் ஒரு கதிரை தருவார்கள். அங்கே வருகிற வாகனங்களுக்குக் கிளச் மிதியே கிடையாது. கணினியைச் செருகினால் அதுவே நோயைச் சொல்லும். ஓட்டோ கியர் பிக்கப் ஒன்றுக்கு நாங்கள் மெனுவல் கியர் பொக்ஸும் ட்ரான்ஸ்பர் கேஸும் மாற்றிப் பூட்டியதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். உண்மையா, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்கள். எப்படி என்பதைச் சொல்வது எளிது. மற்றதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருப்பதால் வாயால் சொல்லாமல் எழுதுகிறேன்.

நான் களுவாஞ்சிக்குடிக் கராஜில் சேர்ந்தது 1984இல். முதல் சில வருடங்களில் கழுவுவது, துடைப்பது, தூக்கிப் பிடிப்பது தவிர வேறு எதுவும் செய்யவில்லை. அதைப் பற்றி எழுத எதுவும் இல்லை. கற்றதெல்லாம் லோரன்ஸ் பாஸிடம்தான். எங்கள் பக்கத்தில் கைவேலைக்காரர் எல்லாரும் பாஸ்தான். ஆனால் பறங்கிக் குடும்பத்து மனிதரான இவரைப் பெயரைச் சொல்லாமல் பாஸ் என்று மட்டும் சொன்னாலே களுவாஞ்சிக்குடியில் எல்லாருக்கும் விளங்கும். உரத்துப் பேசமாட்டார். எந்தப் பெட்டியையும் திறப்பதற்கு முன் உள்ளங்கையை அதன்மேல் கொஞ்ச நேரம் வைத்திருப்பார். கழற்றிய சாமான்களைப் பழைய படுக்கை விரிப்பு ஒன்றில், கழன்ற வரிசையில், வட்டமாக அடுக்குவார். நடுவில் யாரும் கால் வைக்க முடியாது. பூட்டும்போது வட்டத்தைப் பின்னால் சுற்றி வருவார். அவரிடம் மாற்ற முடியாத விதி ஒன்று இருந்தது. தேய்ந்ததோ புதியதோ, உள்ளே போகிற சாமானை வாகனக்காரரின் கையில் கொடுத்துக் காட்டிய பிறகுதான் பெட்டியை மூட வேண்டும். "காட்டாம மூடாத மனே" என்பார். மனே என்றால் எங்கள் பக்கத்தில் மகனே. வாகனக்காரருக்கு ஒன்றும் விளங்காவிட்டாலும் காட்டத்தான் வேண்டும்.

கணபதியின் பிக்கப்பைப் பலகையில் ஏற்றி ஓட்டோ கியரின் ஒயிலை வடித்தோம். சிவப்பாக இருக்க வேண்டிய ஒயில் தார்போல் வந்தது. கருகிய மணம். அடித்தட்டைக் கழற்றினால் கிளச் வளையங்களின் பொடி கைப்பிடி அளவு கிடந்தது. அது முடிந்த கதை. அதற்குப் பின்னால் ட்ரான்ஸ்பர் கேஸ் இருக்கிறது. எஞ்சினின் இழுவையை முன்சில்லுகளுக்கும் பின்சில்லுகளுக்கும் பகிர்ந்து கொடுக்கிற பெட்டி அது. அதன் உள்ளே சங்கிலி அறுந்து கூட்டையே குத்தி உடைத்திருந்தது. பாஸ் அந்த ஓட்டைக்குள் ஒரு விரலை விட்டுப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பின்சில்லுகளை மட்டும் ஓட வைக்க ஏதாவது வழி பார்க்கலாமா என்று நான் கேட்டேன். கணபதி மறுத்துத் தலையாட்டினார். நாலு சில்லும் இழுக்க வேண்டும், மற்றபடி வேண்டாம் என்றார். அதுவரை பகிடிவிட்டுக்கொண்டிருந்தவர் அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

அவருடைய மனைவி பூமணி கல்லாற்றுக்காரி. சுனாமி நாளில் தாய்வீட்டுச் சுவர் அவர்மேல் விழுந்தது. வலது காலைத் தொடையோடு எடுத்துவிட்டார்கள். இடது இடுப்பும் சரியாகப் பொருந்தவில்லை. அதனால் ஊன்றுகோலோடும் சில அடிகளுக்கு மேல் போக முடியாது. கடல் சத்தம் கேட்காத இடத்துக்குப் போக வேண்டும் என்று அவர் கேட்டதால், பூமணியின் அண்ணனுக்கு மேற்குக் கரையில் இருந்த காணியில் போய்க் குடியிருந்தார்கள். இப்போது அந்தப் பக்கம் சண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. வாகரையில் ஆட்கள் ஊரைவிட்டு ஓடுகிறார்கள் என்ற செய்தி வந்துகொண்டிருந்தது. எங்களுக்கும் நாள் வரும் என்று கணபதி நினைத்தார். இப்போதே கூட்டிக்கொண்டு வாருங்கள், என் வீட்டில் ஓர் அறை இருக்கிறது என்றேன். களுவாஞ்சிக்குடியில் எங்கே படுத்தாலும் அலைச் சத்தம் கேட்கும் அண்ணன், கடைசி நாள்வரைக்கும் அவ வரமாட்டா என்றார். பிறகு பாஸைப் பார்த்துச் சொன்னார்:

"ஓட வேண்டி வந்தா ஊர்ச் சனம் நடக்கும் பாஸ். அவ நடக்கமாட்டா. பெரிய றோட்டால போக விடமாட்டாங்க, வட்டைக்குள்ளாலதான் வர வேணும். மழைக்கு ரெண்டு சில்லு அங்க சரிவராது."

கொழும்பிலிருந்து சாமான் எடுப்பது அந்த நாட்களில் நடக்கிற காரியமில்லை. அதே வகைப் பிக்கப்பில் மெனுவல் கியர் வைத்தது எங்கே கிடைக்கும் என்று நான் நினைத்துப் பார்த்தேன். நினைத்த உடனே விடையும் தெரிந்தது. அதை வாயால் சொல்ல முடியவில்லை. அது எங்கள் முற்றத்தின் பின்மூலையில் தார்ப்பாய் போர்த்தி நின்றது.

அது டெரன்ஸின் பிக்கப். டெரன்ஸ், பாஸின் ஒரே மகன். மட்டக்களப்பில், வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்துப் பக்கம், டச்பாரில் மனைவியோடு இருந்தவர். 2004 நத்தார்ப் பண்டிகைக்கு பாஸ் அங்கே போவதாக இருந்தது. ஒரு லொறியின் வேலை முடியாததால் போகவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை டெரன்ஸும் மனைவியும் வீட்டில்தான் இருந்தார்கள். இருவரையும் எடுத்து அடக்கம் செய்தோம். பிக்கப் சில நாள் கழித்து வாவிப் பக்கத்துக் கண்டல் மரங்களுக்குள் கிடந்தது தெரியவந்தது. இழுத்து வந்து அந்த மூலையில் விட்டோம்.

அந்த ஜனவரி முழுவதும் எங்கள் முற்றத்தில் கடல்நீரில் மூழ்கிய வாகனங்கள் வரிசையில் நின்றன. கடல்நீர் புகுந்த எஞ்சினையும் கியர் பொக்ஸையும் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கக் கூடாது. கீழ் ஆணியைத் திறக்க வேண்டும். தண்ணீர் முதலில் வரும், ஒயில் பிறகு வரும். மண்ணெண்ணெய் நிரப்பிச் சில்லைக் கையால் சுற்ற வேண்டும். வடித்துவிட்டு மலிவான ஒயில் விட்டு மறுபடியும் சுற்ற வேண்டும். திரும்பவும் வடிக்க வேண்டும். இவ்வளவையும் அந்தக் கிழமைக்குள் செய்தால் பெட்டி பிழைக்கும். விட்டால் உப்பு இரும்பைத் தின்றுவிடும். மகனை அடக்கம் செய்த கையோடு பாஸ் வந்து நின்று, முச்சக்கரவண்டிமுதல் லொறிவரை ஊராருடைய வாகனங்கள் எல்லாவற்றுக்கும் இதைச் செய்தார். நானும் கூட நின்றேன். மூலையில் நின்ற பிக்கப்பின் ஆணியை மட்டும் அவர் தொடவில்லை. நாங்களும் தொடவில்லை. ஒரு நாள் அவரே தார்ப்பாய் ஒன்றைக் கொண்டுவந்து போர்த்திவிட்டார். அதன் பிறகு யாரும் அந்தப் பக்கம் போவதில்லை.

கணபதியிடம் பார்ப்போம் என்று மட்டும் சொல்லி அனுப்பினார் பாஸ். மறுநாள் நான் கராஜைத் திறக்க வந்தபோது அவர் எனக்கு முன்பே வந்திருந்தார். தார்ப்பாய் மடித்து வேலியில் கிடந்தது. பிக்கப்பின் கீழே அவருடைய கால்கள் தெரிந்தன. "பதினேழு ஸ்பனர் எடு யோகம்" என்ற குரல் வந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

கியர் பொக்ஸ் எங்களை ஆச்சரியப்படுத்தியது. அதன் மேல் இருக்கிற மூச்சுக்குழாய் கிரீசும் மண்ணும் சேர்ந்து அடைபட்டிருந்ததால் உள்ளே தண்ணீர் மிகக் குறைவாகவே போயிருந்தது. பற்சக்கரங்கள் மங்கியிருந்தாலும் நல்ல நிலையில் இருந்தன. ட்ரான்ஸ்பர் கேஸ் அப்படியில்லை. அதன் மூச்சுக்குழாய் கழன்று போயிருந்தது. ஆணியைத் திறந்ததும் துருநிறத் தண்ணீர் வந்தது. பிறகு மணல் வந்தது. பாஸ் அந்த மணலைக் கையில் ஏந்திக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கீழே போட்டார். பிறகு விரிப்பை விரித்து எல்லாவற்றையும் கழற்றி, மண்ணெண்ணெயில் தேய்த்து, வட்டமாக அடுக்கினார். பல்லுகள் பிழைத்திருந்தன. பெயரிங்குகளில் மூன்று வழக்கமான அளவுதான். அவை கல்முனையில் கிடைத்தன. நாலாவது, பின்தண்டைத் தாங்குகிற பெரிய பெயரிங், அதன் ஓடுபாதையில் அம்மைத் தழும்புபோலக் குழி விழுந்திருந்தது. கல்முனை, அக்கரைப்பற்று, மட்டக்களப்பு என்று கடை கடையாக ஏறினேன். கல்முனைக் கடைக்காரர் மட்டும் கொழும்புக்குச் சொல்லிவிடுவதாகச் சொன்னார். அதே வெளிவிட்டத்தில் மெலிந்த ஒன்று இருக்கிறது, வளையம் போட்டுப் பூட்டிப் பாருங்கள் என்றும் சொன்னார். பாஸ் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். மெலிந்தது முதல் நாளே உடையும், குழி விழுந்தது கொஞ்ச நாளாவது தாங்கும் என்பது அவருடைய கணக்கு.

டிசம்பர் பிறந்தது. மேற்குக் கரையில் பீரங்கிச் செல் விழத் தொடங்கியது. கணபதி பாதையில் வந்து, இன்னும் காத்திருக்க முடியாது என்றார். பாஸ் அவரை ஸ்டூலில் இருத்தி, அந்தப் பெயரிங்கைத் துடைத்து அவருடைய கையில் வைத்தார். விரலை எடுத்து ஓடுபாதையில் தடவச் சொன்னார். கணபதி தடவினார்.

"விளங்குதா?"

"சொரசொரப்பா இரிக்கி."

"இதுதான் போகப் போற. சேத்துக்கு இறங்கினா மட்டும் நாலு சில்லுக்குப் போடு. வண்டிய நிப்பாட்டிப் போட்டுக்க. இறுகின தரைக்கு ஏறினதும் எடுத்துப்போடு. இது எப்ப உடையும் எண்டு எனக்குச் சொல்லத் தெரியாது. புதுசு வந்தா சொல்லி அனுப்புறன், அண்டைக்கே கொண்டுவா."

"ஒருக்கா வந்து சேந்தாப் போதும் பாஸ்."

பாஸ் பெயரிங்கைத் திருப்பி வாங்கிக்கொண்டார். ஆனாலும் விரிப்பின் பக்கம் திரும்பாமல் நின்றார். "அண்டு அந்தக் கிழமையே நான் ஆணியத் திறந்திருந்தா இது இப்பிடியில்ல" என்றார். இரண்டு வருடத்தில் அதைப் பற்றி அவர் பேசியது அப்போதுதான். கணபதி கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டே, "மகன்ட வண்டி. ஆருக்கு ஏலும்" என்றார்.

பூட்டிய விதத்தைப் பையன்களுக்காகக் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன். ஓட்டோ கியர் எஞ்சினில் பிளைவீல் இருக்காது, மெல்லிய தட்டுத்தான் இருக்கும். அதைக் கழற்றி டெரன்ஸின் எஞ்சினிலிருந்து பிளைவீலை எடுத்துப் பூட்டினோம். கிராங் தண்டின் நுனிக் குழியில், கியர் பொக்ஸின் முன்தண்டு வந்து இருக்கிற சின்னப் பெயரிங்கும் ஓட்டோவில் இல்லை. அதை மறந்துவிட்டுப் பெட்டியை ஏற்றினால் எல்லாம் சரியாகப் பூட்டுப்படும், ஓடும்போது தண்டு ஆடி முன்பெயரிங்கைத் தின்றுவிடும். நான் மறந்தேன். பாஸ் பெட்டியை ஜக்கில் தூக்குவதற்கு முன் விரிப்பைச் சுற்றி வந்து, ஒரு சாமான் மிஞ்சி நிற்பதைக் காட்டினார். மெனுவல் பெட்டி நீளம் வேறு என்பதால் தாங்குசட்டத்தைப் பின்னுக்கு நகர்த்தி, சஸியில் புதுத் துளை போட்டோம். முன்பக்க புரொப்பலர் தண்டை நீட்டவும் பின்பக்கத் தண்டைக் குறைக்கவும் வேண்டியிருந்தது. அளவை நான் குறித்தேன், பாஸ் இன்னொரு முறை அளந்தார், பிறகுதான் கடைசல்காரரிடம் கொடுத்தோம். நிலத்தகட்டில் இரண்டு கியர்க் கொம்புகளுக்கும் ஓட்டை வெட்டினோம். கிளச் மிதியும் டெரன்ஸின் பிக்கப்பிலிருந்துதான். அதன் ரப்பர் இடது ஓரத்தில் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. பாஸ் அதைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வேறொன்று மாட்டினார்.

எல்லாம் முடித்துச் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் அசையவில்லை. பற்றரி நல்லது, வயரும் நல்லது. கணபதி, மாட்டை இன்னும் அவிழ்த்துவிடவில்லை, வரச் சொல்லட்டுமா என்றார். ஓட்டோ கியரில் கொம்பு நடுநிலையில் இருந்தால்தான் ஸ்டார்ட்டருக்கு மின் போகும், அதற்கென்று ஒரு சுவிட்ச் பெட்டியிலேயே இருக்கும். பெட்டி போனதோடு சுவிட்சும் போய்விட்டது. இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கினேன். எஞ்சின் பிடித்தது. வாவி ஓரத்துச் சதுப்பில் இறக்கி, நாலு சில்லிலும் போட்டு ஏற்றிப் பார்த்தோம். நாலும் ஒன்றாக மண்ணைக் கவ்வி ஏறின. பாஸ் ட்ரான்ஸ்பர் கேஸின் பக்கத்தில் காதை வைத்தபடி கூடவே நடந்தார். சத்தம் வருகிறதா என்று நான் கேட்கவில்லை. எனக்கே கேட்டது.

பிக்கப்பை ஒப்படைக்க நான் பாதையில் மண்டூர்க் கரைவரை போனேன். துறைக்கு மேலே, மரநிழலில் நின்ற மாட்டு வண்டிலில் பூமணி உட்கார்ந்திருந்தார். அவரை அன்றுதான் நன்றாகப் பார்த்துப் பேசினேன். கணபதி பெருமையாக வண்டியைச் சேற்றுக்குள் இறக்கி ஏற்றிக் காட்டினார்.

"யோகண்ணன், இது கடலுக்க கிடந்த சாமான் எண்டு இவர் சொன்னாரு" என்றார் பூமணி.

ஓம் என்றேன்.

"என்னயும் கடலுக்கயிருந்துதான் எடுத்த. நானும் ஒரு மாதிரி ஓடிக்கிட்டுத்தான் இரிக்கன்." பிறகு கணபதியைப் பார்த்து, "காணும், காணும், இறக்கி ஏத்தியே உடைச்சிப்போடாதிங்க. என்ன ஏத்த வேணுமே" என்றார். வண்டில்காரரும் சிரித்தார்.

தை மாத நடுவில் கல்முனைக் கடைக்காரர் ஆள் அனுப்பினார். பெயரிங் வந்துவிட்டது. சரியான அளவு, எண்ணெய்த் தாளில் சுற்றிய புதுச் சாமான். ஆனால் அப்போது பாதையில் வாகனம் ஏற்ற விடுவதில்லை. ஆட்களையே இன்றைக்கு விடுவார்கள், நாளைக்கு மறிப்பார்கள். சாமானைக் கையில் கொண்டுபோவோம் என்றாலும், வாகன உதிரிப்பாகம் எதுவும் அந்தக் கரைக்குப் போகக் கூடாது என்று சோதனைச்சாவடியில் திருப்பிவிட்டார்கள். இரண்டு முறை போய் இரண்டு முறையும் திரும்பினேன். மூன்றாம் முறை பாஸே போனார். அவருடைய தலைமுடி நரையைப் பார்த்தும் விடவில்லை. திரும்பி வந்து, அதைப் பிரிக்காமலே மேசை லாச்சிக்குள் வைத்தார்.

மாசி முடிவில் மேற்குக் கரைச் சனம் வரத் தொடங்கியது. தலையில் மூட்டையோடும் இடுப்பில் பிள்ளையோடும் வாவியைக் கடந்து வந்து, பாடசாலைகளையும் கோயில் மண்டபங்களையும் நிரப்பினார்கள். வேலை நேரத்தில் நானும் பாஸும் மாறி மாறி வீதிக்குப் போய்ப் பார்ப்போம். கணபதியின் பிக்கப் வரவில்லை. அந்த ஊர்க்காரரிடம் விசாரித்தோம். வாகனத்தில் புறப்பட்டதாகச் சிலர் சொன்னார்கள். வழியில் பார்க்கவில்லை என்றார்கள்.

நாலாம் நாள் பின்னேரம் கணபதி கராஜுக்குள் நடந்து வந்தார். தொடைவரை சேறு காய்ந்து வெடித்திருந்தது. மர வாங்கில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்காமல் கையில் வைத்திருந்தார். பாஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவருக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு அமர்ந்தார்.

"வண்டி எங்க?"

"வாய்க்கால் உடைச்ச இடத்தில நிக்கிது."

"கொம்பு எதில?"

"நாலில. நீங்க சொன்ன மாதிரி நிப்பாட்டித்தான் போட்டன். சேத்தத் தாண்டிற்று பாஸ். முன்சில்லு கரையில ஏறிற்று. எடுத்துப்போடப் பாக்கக்குள்ள உள்ளுக்க ஒரு சத்தம், கல்லு அரைக்கிற மாதிரி. மறுகா டக்கெண்டு நிண்டிற்று."

"பின்னுக்கு எடுத்துப் பாத்தியா?"

"முன்னுக்கும் இல்ல, பின்னுக்கும் இல்ல. கிளச்ச மிதிச்சா எஞ்சின் ஓடுது. சில்லு கிறுகல்ல."

"பெட்டியத் தொட்டுப் பாத்தியா?"

"தொட்டன். சுட்ட."

பாஸ் தலையை ஆட்டினார். பெயரிங்கின் கூடு உடைந்து அதன் குண்டு பல்லுக்குள் போயிருக்கும் என்றார். ஓம், நீங்க தடவச் சொன்ன பெயரிங்தான் என்றார் கணபதி. இருவரும் ஒரு வாகனத்தின் கோளாறைப் பற்றி இரு பாஸ்மார் பேசுவதுபோலவே பேசினார்கள். எந்தக் கியரில் ஏறினாய், என்ன வேகம், ஒயில் கசிந்ததா என்று பாஸ் கேட்டுக்கொண்டே போனார். கணபதி ஒன்றையும் தவறவிடாமல் பதில் சொன்னார். கேட்பதற்கு இனி ஒன்றும் மிஞ்சாத இடத்தில் பாஸ் நின்றார்.

"அவ?"

"வண்டிக்கதான் இருந்தா." கணபதி கையில் இருந்த தண்ணீரைக் கீழே வைத்தார். "நான் தூக்கிறன் எண்டன். உங்களால என்னயும் தூக்கி வாய்க்காலுக்குள்ளால நடக்க ஏலாது, விழுந்தா ரெண்டு பேரும் போவம், போய் ஆரையும் கூட்டிட்டு வாங்க எண்டா. போனன். ரெண்டு பொடியன்மாரக் கூட்டிட்டு வந்தன். அதுக்குள்ள செல் விழுந்திற்று. கண்ணாடி கூட உடையல்ல பாஸ். அவட பக்கத்துக் கதவிலதான் துண்டு பட்ட."

வட்டை வரம்பிலேயே அடக்கம் செய்துவிட்டு வந்ததாகச் சொன்னார். கொஞ்சம் பொறுத்து, "தூக்கியிருக்க வேணும்" என்றார். யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை.

பாஸ் எதையோ சொல்ல வாயெடுத்தார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்பது கணபதிக்கும் தெரிந்தது. "நீங்க காட்டித்தானே பூட்டின" என்றார். வீட்டுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டேன். கராஜிலேயே படுக்கிறேன் என்றார் கணபதி. வீட்டுக்குப் போய்ச் சோறு கொண்டுவந்து வைத்தேன். நான் திரும்பும்போது பாஸும் போகாமல் ஸ்டூலில் இருந்தார்.

மறுநாள் காலை துறையிலிருந்து ஆள் வந்தது. பாதையிலும் தோணிகளிலும் சனம் இறங்கிக்கொண்டே இருக்கிறது, நடக்க முடியாதவர்கள் கரையில் கிடக்கிறார்கள், ஏதாவது வாகனம் தாருங்கள் என்றார்கள். எங்களிடம் ஓடக்கூடியதாக நின்றது ஒரு நெல் ஆலைக்காரரின் லொறி மட்டும்தான். பிரேக் லைனிங் மாற்றியிருந்தோம், பிரேக் குழாயில் இருந்த காற்றை இன்னும் வெளியே எடுக்கவில்லை. ஆகவே நாங்கள் அன்று முதலில் செய்தது அதுதான். பாஸ் லொறிக்குக் கீழே போனார். கணபதியை ஏறி மிதியில் கால் வைக்கச் சொன்னார். "மிதி. பிடி. விடு" என்று கீழேயிருந்து சொன்னார். கணபதி மிதித்தார், பிடித்தார், விட்டார். நான் மேலே ஒயிலை ஊற்றிக்கொண்டிருந்தேன். நாலு சில்லும் முடிந்ததும் மூவருமாகத் துறைக்குப் போனோம். பாஸே ஓட்டினார்.

துறையின் சரிவில் லொறியை நிறுத்தினார். தண்ணீர் ஓரத்தில், பிளாஸ்டிக் கதிரையோடு தூக்கி இறக்கப்பட்ட ஒரு பெண் இருந்தார். காலில் கட்டு. கணபதி அந்தப் பக்கம் பார்த்தார், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். கதவைத் திறக்க நீண்ட கை பாதியில் நின்றது. பாஸ் ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்கி, அவரை அந்த இடத்துக்கு நகரச் சொன்னார்.

"இதில கைப்பிரேக் பிடிக்காது மனே. சரிவு. நாங்க ஏத்தி முடியுமட்டும் நீ மிதிய விடாத. விட்டா வாவிக்குள்ள போயிரும்."

கணபதி மிதியில் காலை வைத்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். நானும் பாஸும் போய்க் கதிரையின் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினோம்.

அந்த லொறியின் கைப்பிரேக் நன்றாகப் பிடிக்கும். அதன் கம்பியை முதல்நாள் காலை நானே இறுக்கியிருந்தேன். பாஸ் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.